பதினைந்தாம் தேதி வரும் ஆயிரம் ரூபாய்

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் கொத்தனார் வேலைக்குப் போகிறார். 2 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. எனக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மூத்த மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் என்று மாதந்தோறும் வருகிறது. கணவருக்கு பி.எம். கிசான் 6,000 ரூபாய் ஆண்டுக்கு மூன்று தவணையாக வருகிறது. எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 44,400 ரூபாய். ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. என் ஆயிரத்தில் 600 ரூபாய், நான்கு ஆண்டுக்கு முன் மூன்று வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு வட்டியாகப் போகிறது. மீதி மளிகைக் கடைக்குப் போகிறது. ஆடு வாங்கி வளர்க்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இளைய மகளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்று ஆசை. கணவரின் அண்ணன், அவரும் கிசான் பணம் வாங்குகிறவர்தான், "சும்மா வருகிற காசு சோம்பேறியாக்கும், தங்காது" என்கிறார். மாதம் ஆயிரமாகத் தருவதைவிட மொத்தமாகத் தந்தால் உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் வங்கிக் கிளைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, "காசு எங்கே போகுதுன்னே தெரியல சார்" என்ற வாக்கியம் பழகிப்போன ஒன்று. உங்களுக்கோ அது எங்கே போகிறது என்பது தெரிந்திருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில், நீங்கள் கூட்டிய 44,400 ரூபாய் என்ற தொகையை நான் ஏற்கவில்லை. கூட்டல் சரிதான், ஆனால் கூட்டக் கூடாதவற்றைக் கூட்டியிருக்கிறீர்கள். அதில் 14,400 ரூபாய் உங்கள் மாமியாருடையது. 12,000 ரூபாய் உங்கள் மகளின் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உரியது. குடும்பத்தின் பொதுக் காரியங்களுக்கு நீங்களும் கணவரும் கலந்து முடிவெடுக்கக் கூடியது உங்கள் 12,000 ரூபாயும் நிலத்துக்கு வரும் 6,000 ரூபாயும் சேர்ந்த 18,000 ரூபாய் மட்டுமே. இந்தப் பிரிவினை மனத்தில் இல்லாத வரையில், "இத்தனை வந்தும் நிற்கவில்லையே" என்ற குறை உங்களைத் தின்றுகொண்டே இருக்கும்.

மாமியாரின் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அதுதான் முதலில் பொதுச் செலவில் கரைகிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இலிருந்து இருக்கிறது. 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயானது. எழுபது வயதைக் கடந்த ஒருவர் தனக்கு வேண்டிய தைலத்தையும் வெற்றிலை பாக்கையும் எவரிடமும் கேட்காமல் வாங்கிக்கொள்வதும், பேத்திக்குத் திருவிழாவில் தன் கையால் வளையல் வாங்கித் தருவதும் சிறிய காரியங்கள் அல்ல. தென்னாப்பிரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் விரிவானபோது, அதன் விளைவை எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். ஓய்வூதியம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல்நிலை தெளிவாகத் தேறியிருந்தது. தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. பணம் எவ்வளவு என்பதோடு யார் கைக்கு வருகிறது என்பதும் சேர்ந்துதான் அதன் பயனைத் தீர்மானிக்கிறது. எனவே அந்த 1,200 ரூபாயை அவரிடமே விட்டுவிடுங்கள். அவராக மளிகைக்கு 300 ரூபாய் எடுத்து நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் 600 ரூபாய்க்கு வருவோம். உங்கள் கடிதத்தின் மையம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 ரூபாய். நான்கு ஆண்டுகளில் நீங்கள் கட்டிய வட்டி 28,800 ரூபாய். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. நம் பக்கத்து வட்டிக்காரர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வட்டியை மாதாமாதம் வாங்கிக்கொள்வார்கள், அசலைத் தந்தால் மொத்தமாகத்தான் வாங்குவார்கள். இரண்டாயிரம் மூவாயிரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இருக்கட்டும் தாயி, சேர்த்துக் கொடு" என்று அன்பாகவே திருப்பி அனுப்புவார்கள். அந்த அன்பின் விலை மாதம் 600 ரூபாய். மாதம் ஆயிரத்தைவிட மொத்தத் தொகை வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவதன் காரணமும் இதுதான். உங்கள் கடன் மொத்தமாக மட்டுமே அடையக் கூடியதாக அமைந்திருக்கிறது.

மகளின் கல்யாணத்துக்கென்று இரண்டு பவுன் சங்கிலி பெட்டியில் இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ கணக்கு வைத்திருக்கும் வங்கியிலோ ஈடாக வைத்து 20,000 ரூபாய் வாங்கி, வட்டிக்காரரின் அசலை ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள். கொடுத்திருந்த புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். இன்றைய தங்க விலையில் ஒரு பவுனுக்கும் குறைவான எடையே அந்தத் தொகைக்குப் போதும் என்பதால், சங்கிலியைவிடச் சிறிய நகை இருந்தால் அதையே வையுங்கள். அங்கே வட்டி ஏறத்தாழ மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் அளவில்தான் இருக்கும். வட்டி விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது வட்டிக்காரருக்குக் கொடுக்கும் அதே 600 ரூபாயை மாதந்தோறும் இந்தக் கடனுக்குக் கட்டினால், உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகாமல், 41 மாதங்களில் அசலும் வட்டியும் சேர்ந்து தீர்ந்துவிடும். கிசான் பணத்தில் ஆண்டுக்கு ஒரு தவணையையும், அதாவது 2,000 ரூபாயையும், இதில் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் நகை வீட்டுக்குத் திரும்பும். இளைய மகள் பிளஸ் டூ முடிப்பதற்குள் அது நடந்துவிடும். நகைக்கடனுக்கு ஓராண்டுக் கெடு இருக்கும்; கெடு வரும்போது வட்டியைச் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இடையில் பகுதி பகுதியாக அசலைக் கட்ட அனுமதிக்கிறார்களா என்பதை நகையை வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்; அனுமதிக்காத இடத்தில் வைக்க வேண்டாம்.

நகை அடகுக்குப் போனால் குடும்பம் நொடித்துப்போனதாக ஊர் பேசும் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். பெட்டியில் இருக்கும் சங்கிலியின் நிம்மதிக்காக நான்கு ஆண்டுகளில் 28,800 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இங்கேதான் உங்கள் கேள்வியின் இன்னொரு பாதிக்கு விடை இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து ஆயிரம் ரூபாயின் மதிப்பு விலைவாசியால் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆயினும் அந்தத் தொகைக்கு ஒரு தனி வலிமை உண்டு. உங்கள் கணவரின் கொத்து வேலை ஐப்பசி மழையில் நின்றுபோகலாம், நிலத்தில் பருத்தி காயலாம். ஆனால் மாதத்தின் நடுவில் இந்த ஆயிரம் வந்துவிடும் என்று முன்கூட்டியே தெரிகிறது. வரும் நாள் தெரிந்த பணத்தை நம்பித்தான் ஒரு தவணையை ஒப்புக்கொள்ள முடியும், "அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலைக்கு வா" என்று அழைக்கும் செங்கல் சூளைக்காரரிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியும், விளைச்சலைக் களத்திலேயே அடிமாட்டு விலைக்கு விற்காமல் பத்து நாள் வைத்திருக்க முடியும். ஏழைக் குடும்பத்துக்குத் திட்டம் போடத் தெரியாது என்று சொல்கிறவர்கள், திட்டம் போடுவதற்கு உறுதியான ஒரு தேதியாவது வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மொத்தமா, மாதாந்தரமா என்பதை உலகில் உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில், விக்டோரியா ஏரியை ஒட்டிய ராரியேடா என்ற பகுதியில், கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏழைக் குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்பியது. குலுக்கல் முறையில் சிலருக்கு ஒரே தொகையாகவும் சிலருக்கு ஒன்பது மாதத் தவணையாகவும் சென்றது. 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மாதந்தோறும் பெற்றவர்களின் வீடுகளில் சாப்பாட்டுக் குறை அதிகம் தீர்ந்தது. மொத்தமாகப் பெற்றவர்கள் கூரைக்குத் தகரம் போன்ற நீடித்த பொருள்களை அதிகம் வாங்கினார்கள். புல் கூரையை அடிக்கடி மாற்றி மேயும் செலவைத் தகரம் மிச்சப்படுத்தியது என்பதால் அதுவும் ஒரு முதலீடுதான். இரண்டுமே பயன்தான், ஆனால் வெவ்வேறு பயன். நமக்கு அரசு மாதந்தோறும்தான் தருகிறது. அதைத் தேவைப்படும்போது மொத்தமாக்கிக்கொள்ளும் வழியை நாம்தான் தேட வேண்டும். மேலே சொன்ன நகைக்கடன் அத்தகைய ஒரு வழி: எதிர்காலத்தில் வரப்போகும் முப்பது நாற்பது தவணைகளை இன்றைக்கே ஒரு தொகையாக்கி, அதைக்கொண்டு விலை அதிகமான கடனைத் தீர்ப்பது.

கணவரின் அண்ணன் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவரும் கிசான் பணம் வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவரைச் சோம்பேறியாக்கிவிட்டதா என்று நான் கேட்கப் போவதில்லை. அவருடைய ஐயம் பலருக்கும் உள்ளதுதான். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் உடனிருந்தோரும், ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகரகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளின் விவரங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். அரசுப் பணம் கைக்கு வந்ததால் மக்கள் வேலைக்குப் போவதைக் குறைத்தார்கள் என்பதற்கு முறையான சான்று எதுவும் அவற்றில் கிடைக்கவில்லை. மதுவுக்கும் புகையிலைக்கும் போய்விடும் என்ற அச்சத்தையும் உலக வங்கியின் ஆய்வாளர்கள் பல நாடுகளின் தரவுகளைக்கொண்டு தனியே பரிசீலித்தார்கள், அதுவும் மெய்ப்படவில்லை. நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் 2011-இல் தொடங்கிச் சில கிராமங்களில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைக்கு 100 ரூபாயும் கொடுத்துப் பார்த்தன. பின்னர் அவை 300, 150 என உயர்த்தப்பட்டன. அந்த ஊர்களில் கால்நடை பெருகியது, கடன் சுமை குறைந்தது, கூலிக்குப் போனவர்கள் சிலர் சொந்த நிலத்திலும் சொந்தத் தொழிலிலும் அதிக நேரம் உழைத்தார்கள்.

அதே வேளையில் இந்தப் பணத்தின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கையும் வேண்டாம். உகாண்டாவின் வடக்கே தொழில் தொடங்க இளைஞர் குழுக்களுக்கு ஒருமுறை மானியம் தந்தபோது, நான்காம் ஆண்டில் அவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 38 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பதாம் ஆண்டில் பார்த்தபோது மானியம் பெறாதவர்களும் அதே வருமானத்தை எட்டியிருந்தார்கள். பணம் சிலருக்கு முன்கூட்டியே ஒரு தொடக்கத்தைக் கொடுத்தது, அவ்வளவே. உங்கள் ஆயிரம் ரூபாயும் உங்கள் மகளைப் பட்டதாரியாக்கிவிடாது. அவளைப் படிப்பை நிறுத்தச் சொல்லும் நெருக்கடி ஒன்றிரண்டை அது தள்ளிப்போடும்.

இளைய மகளின் படிப்பில் பணத்தைவிட முக்கியமான ஒரு முடிவு இப்போதே உங்கள் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும், நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் கடன் வாங்கி அவளைத் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிச் செய்தால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற புதுமைப்பெண் திட்டத்தின் தகுதி போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கு மட்டும் பின்னர் அது விரிவாக்கப்பட்டது. மருத்துவப் படிப்பில் 2020-இலிருந்தும், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் 2021-இலிருந்தும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டையும் அவள் இழப்பாள். அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும். மிச்சமாகும் கட்டணத்தில் தேவையான பாடத்துக்கு மட்டும் தனி வகுப்பு வையுங்கள்.

ஆடு வளர்ப்பதை நான் ஆதரிக்கிறேன், மாட்டை அல்ல. கறவை மாட்டுக்கு அன்றாடம் தீவனச் செலவு இருக்கிறது, பால் வற்றிய மாதங்களிலும் அது சாப்பிடும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்தே மாதம். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் விற்றுக்கொள்ளலாம். ஆனால் முதலாண்டில் காசு போட்டு வாங்காதீர்கள். உங்கள் ஊரிலேயே ஆடு அதிகமாக வைத்திருப்பவரிடம் ஒன்றிரண்டு பெட்டை ஆடுகளை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, பிடித்து வளருங்கள்; ஈனும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த முறையில் முதல் தேவையில்லை, உங்களுக்குக் கைப்பழக்கமும் வரும், வீட்டில் யார் மேய்க்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கும் விடை தெரிந்துவிடும். (மேய்க்க ஆளில்லாத வீட்டில் ஆடு கட்டிவைப்பது, ஓட்டத் தெரியாதவர் டிராக்டர் வாங்குவது போன்றது.) கிசானின் இன்னொரு தவணையை ஒதுக்கிச் சேர்த்து, இரண்டாம் ஆண்டில் சொந்தமாக ஒரு பெட்டைக் குட்டி வாங்கலாம். திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விலை ஏறிக் கிடக்கும். அது விற்கும் காலம், வாங்கும் காலம் அல்ல. அரசுக் கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடாமல் மந்தையில் சேர்க்காதீர்கள். கிசானில் மீதமிருக்கும் ஒரு தவணையாக, ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் வருவதைப் புரட்டாசி விதைப்புக்கு விட்டுவிடுங்கள். விதைக்கும் உரத்துக்கும் கடைக்காரரிடம் கடன் சொல்லாமல் வாங்கினாலே விலையில் வித்தியாசம் தெரியும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: செய்முறைக்கு, அதாவது விசேஷ வீடுகளில் வைக்கும் மொய்க்கு, ஆண்டுக்கு எவ்வளவு போகிறது? காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், வீடு குடிபுகுதல், விசேஷம் ஒன்றும் இல்லாத வீட்டில் மொய் வாங்குவதற்கென்றே வசந்த விழா என்று உசிலம்பட்டி வட்டாரத்தில் பத்திரிகைகள் வந்துகொண்டே இருக்கும். நான் கிளை மேலாளராக இருந்தபோது ஓர் அம்மா வங்கிப் பாஸ்புக்கோடு தன் மொய் நோட்டையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதுல இருக்கறதுதான் சார் என் சேமிப்பு" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. செய்முறை என்பது வட்டியில்லாமல் ஊர் தரும் கடன். திருப்பும்போது கூட்டித் திருப்ப வேண்டும் என்பதால் முழுக்க வட்டியில்லாதது என்றும் சொல்ல முடியாது. அதை விட்டுவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை, விட்டுவிட்டு அந்த ஊரில் இருக்கவும் முடியாது. ஆனால் அதற்கு வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள், உரிமைத் தொகையிலிருந்து எடுக்காதீர்கள். வாங்கிய மொய்க்கு முதலில் திருப்புங்கள், புதிதாகத் தொடங்கும் உறவுகளுக்குச் சிறிய தொகையோடு நிறுத்துங்கள்.

மகளிர் குழுவிலிருந்து விலகிவிட்டதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்; மீண்டும் சேருங்கள். அழகர்கோவில் பக்கத்துப் பில்லுசேரியில் கூலி வேலை செய்துகொண்டிருந்த சின்னப்பிள்ளை, களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் தலைவியாகி, 2019-இல் பத்மஸ்ரீ பெற்றது நம் மாவட்டம் அறிந்தது. அவ்வளவு பெரிதாக யோசிக்க வேண்டாம். திடீரென்று 5,000 ரூபாய் தேவைப்படும் இரவில் வட்டிக்காரர் வீட்டுக்குப் போகாமல் குழுத் தலைவியின் வீட்டுக்குப் போக முடியும் என்பதே போதும்.

சேமிப்பை இப்போது 100 ரூபாயில் தொடங்குங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாய்தான் குறைந்தபட்சம். 6.7 விழுக்காடு வட்டியில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் ஐந்தாண்டில் 60,000 ரூபாய் 71,000 ரூபாயைத் தாண்டும். 100 ரூபாய்க்கு அதில் பத்தில் ஒரு பங்கு. நகைக்கடன் தீர்ந்த மாதத்திலிருந்து அந்த 600 ரூபாயை வீட்டுச் செலவில் கரையவிடாமல் இன்னொரு தொடர் வைப்புக் கணக்காகத் தொடங்கிவிடலாம். பன்னிரண்டு மாதம் தவறாமல் கட்டினால் கணக்கில் இருப்பதில் பாதி வரை கடன் எடுக்கவும் வழி உண்டு.

கடைசியாக வங்கிக் கணக்கு. ஆதார் வழியே வரும் பணம், நீங்கள் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போய்ச் சேரும். கணவர் வேறு எதற்காகவோ புதுக் கணக்குத் தொடங்கியிருந்தால் கிசான் பணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று உங்கள் ஆயிரத்தில் பிடித்தம் செய்திருக்கிறார்களா என்று பாஸ்புக்கைப் பதியவைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால், குறைந்தபட்ச இருப்புத் தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். மாமியாரை ஊரில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க அழைத்துப் போகும்போது, ஒருமுறை ரேகை பதியவில்லை என்று இன்னொரு முறை வைக்கச் சொன்னால், முதல் முறைக்கான ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அவரை விரலை வைக்கச் சொல்லுங்கள்.